தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சு

கிராம சபை முடிந்து ஷாமியானா பிரிக்கிற நேரத்தில் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்கள். கையெழுத்தும் கைரேகையும் நாலைந்து பக்கத்துக்கு இருக்கும். தீர்மானம் எழுத வேண்டிய பக்கங்கள் பல ஊர்களில் வெள்ளையாகவே கிடக்கும். கூட்டம் கலைந்த பிறகு ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து, மேலிருந்து வந்த பொருள் நிரலைப் பார்த்து, "சபை ஏகமனதாக அங்கீகரிக்கிறது" என்று வரிசையாக எழுதி முடித்துவிடுவார்கள். குடிதண்ணீர் வரவில்லை என்று காலையில் தொண்டை வறளப் பேசிய அக்காவின் பேச்சு அதில் ஒரு வரிகூட இருக்காது. ஆனால் அதே பேச்சுக்குக் கீழே இருக்க வேண்டிய அவருடைய கையெழுத்து மட்டும் இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஊர்க்காரர்களின் அதிகாரம் கைநழுவுகிறது. மைக்கில் பேசுவது தேவைதான். ஆனால் கலெக்டர் ஆபீஸிலோ கோர்ட்டிலோ நாளைக்கு எடுத்துக் காட்ட முடிவது புத்தகத்தில் ஏறிய வாக்கியம் ஒன்றுதான். அந்த வாக்கியத்தை ஏற்றுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும், எங்கெங்கே சறுக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். தலைவருக்குப் பதவிக்காலம் உண்டு, சபைக்குக் கிடையாது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்வான ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோதும் சபை இருந்தது. "தலைவரே இல்லை, என்ன கிராம சபை" என்று யாராவது கேட்டால், தலைவர் இல்லாத காலத்தில்தான் சபை இன்னும் கவனமாகக் கூட வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு 6 சபைகள். ஏழு நாட்களுக்கு முன்பே அறிவிப்பு தர வேண்டும். மத வழிபாட்டு வளாகங்களில் கூட்டம் நடத்தக் கூடாது. இந்த இரண்டாவது விதியை வெறும் சம்பிரதாயமாக நினைத்துவிடாதீர்கள். கோயில் வாசலில் சபை நடந்தால் காலனியிலிருந்து யார் வருவார்கள், வந்தாலும் எங்கே நிற்பார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

குறைவெண் வரம்பு என்று ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு அரசாணைப்படி மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். பெரிய ஊராட்சியில் 200 பேரைத் திரட்டுவது நிர்வாகத்துக்குச் சுலபமில்லை. அதனால்தான் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களையும் மகளிர் குழுக்களையும் அழைத்து வந்து உட்கார வைப்பது பல ஊர்களில் வழக்கமானது. அந்தப் பெண்களின் கையெழுத்து இல்லாமல் சபை செல்லாது. தங்கள் கையில் இவ்வளவு பலம் இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இனி வேலைக்கு வருவோம். ஆகஸ்ட் 15 சபைக்கான வேலை ஜூன் கடைசியில் தொடங்க வேண்டும். பேசுவதற்கு முன் கணக்கு ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேட்க வேண்டும், அதில் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. பதில் வந்த பிறகு தெருவில் இறங்கிச் சரிபார்க்க இரண்டு வாரமாவது வேண்டும். ஆகஸ்ட் 10ஆம் தேதி மனு போட்டுவிட்டு 15ஆம் தேதி ஆவேசமாகப் பேசினால், "பதில் வரட்டும், அடுத்த சபையில் பார்க்கலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

மனுவில் "ஏன்", "எதற்காக" என்ற கேள்விகள் வேண்டாம். கையில் இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் அந்தச் சட்டத்தின் கடமை, விளக்கம் சொல்வது இல்லை. "எங்கள் தெரு ரோடு ஏன் ஒரே மழையில் பெயர்ந்தது" என்று கேட்டால் பதில் வராது. இன்ன நிதியாண்டில் இன்ன தெருவில் போட்ட சிமென்ட் சாலைக்கான எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் (வேலையின் அளவுகளை எழுதும் புத்தகம்) பக்கங்கள், பணம் கொடுத்த பட்டியல் ஆகியவற்றின் நகல் என்று கேளுங்கள். ஒரு மனுவுக்கு ஒரு வேலை, ஒரு ஆண்டு. பத்து வருடத்துக் கணக்கை ஒரே மனுவில் கேட்டால், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்லிக் கடிதம் வரும், மனு அங்கேயே படுத்துவிடும். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்ற வில்லையாக ஒட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. எந்த அலுவலருக்கு எழுதுவது என்று குழம்ப வேண்டாம். வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். தவறான இடமாக இருந்தால் 5 நாட்களுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு, 6(3) பிரிவு அதைச் சொல்கிறது. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இன்னொரு வழியும் உண்டு, பலர் பயன்படுத்துவதே இல்லை. நகல் கேட்காமல் ஆவணங்களை நேரில் பார்வையிடக் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. இரண்டு பேர் போய், ஒருவர் படிக்க ஒருவர் நோட்டில் எழுதினால், எந்தப் பக்கத்தின் நகல் வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவு இன்னும் சில உரிமைகளையும் தருகிறது. பணி நடந்த இடத்தைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் உரிமை இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மனு போடுகிறவர் தனி ஆளாக நிற்கக் கூடாது. ஊருக்குள் ஒருவர் பெயர் மட்டும் தெரிந்தால் மிரட்டல் அவர் வீட்டு வாசலுக்கு வரும். தொகுப்பு வீட்டுப் பட்டியலில் பெயர் போய்விடும் என்று காதில் ஓதுவார்கள். மூன்று நான்கு பேர் ஆளுக்கொரு வேலையைப் பற்றிக் கேளுங்கள். ஊருக்கு வெளியே இருக்கும் உறவுக்காரர் பெயரிலும் கேட்கலாம், இந்தியக் குடிமகன் எவரும் எந்த ஊராட்சியின் தகவலையும் கேட்க முடியும்.

மனு போட்டுக் காத்திருக்கும் நாட்களில் செல்போனிலேயே பார்க்கக்கூடியது, ஊராட்சிக் கணக்குகளுக்கான மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளம். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால், ஆண்டுத் திட்டத்தில் சேர்த்த பணிகளையும் நிதிக்குழு மானியத்தில் செலவான தொகைகளையும் பார்க்கலாம். 2021 முதல் 2026 வரைக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைக்கப்பட்டது. "குடிநீருக்கு நிதியே இல்லை" என்ற பதில் அந்த ஆண்டுகளைப் பற்றி வந்தால், இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். சபையில் வரவு செலவை மக்கள் பார்வைக்கு வைக்கும் தாளுக்குப் படிவம் 30 என்று பெயர். அதைப் பேனராகவோ தாளாகவோ வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

காகிதம் கைக்கு வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போக வேண்டும். 30 மீட்டர் டேப், ஒரு நோட்டு, இரண்டு ஆள். எம்-புக்கில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எழுதியிருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட். ரோட்டோரத்து மண்ணைக் கொத்தி விளிம்பை அளந்தால் 10 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்று வையுங்கள். அப்போது போட்டது 30 கன மீட்டர். பாக்கி 15. எம்-20 என்ற கான்கிரீட் கலவைக்குக் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் என்று பார்த்தால், 120 மூட்டைக்கு அந்தத் தெரு பதில் கேட்கலாம்.

ஆனால் இங்கே அவசரப்படாதீர்கள். எஸ்டிமேட்டில் கீழே ஒரு மெல்லிய கலவை, மேலே ஒரு கெட்டிக் கலவை என்று இரண்டு அடுக்கு இருக்கலாம். அப்படியானால் சிமென்ட் கணக்கு மாறும். விளிம்பில் ஒரே இடத்தில் அளந்ததை வைத்துக் குற்றம் சாட்டினால் ஓவர்சியர் வேறொரு இடத்தைத் தோண்டி 15 காட்டிவிடுவார், உங்கள் பேச்சு அன்றோடு போச்சு. 10 மீட்டருக்கு ஒரு இடம், இரண்டு பக்கமும் அளந்து, ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுங்கள். அப்போதும் சபையில் "திருடிவிட்டார்கள்" என்று சொல்ல வேண்டாம். "எம்-புக்கில் 15, நாங்கள் இருபது இடத்தில் அளந்ததில் இவ்வளவு, ரோட்டைத் துளைத்து மாதிரி (கோர்) எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள்" என்று கேளுங்கள். குற்றச்சாட்டை மறுக்கலாம். அளக்கச் சொல்வதை மறுத்தால் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

ரோடு பெரிய கணக்கு. சின்னச் சின்னக் கணக்குகளில்தான் மாதாமாதம் கசிவது அதிகம்: மோட்டார் பழுது, தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர். தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர் என்பது வழக்கமான அளவு. 30,000 லிட்டர் டேங்க் தினம் இரண்டு முறை நிரம்பினால் நாளுக்கு 240 கிராம், மாதத்துக்கு 7.2 கிலோ. சாக்கடைக்குத் தெளிப்பது தனி. பட்டியலில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று இதோடு ஒட்டிப் பாருங்கள். விளக்குக் கணக்குக்கு ராத்திரி எட்டு மணிக்கு நடந்து கம்பத்தை எண்ணினால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட நன்றாகச் செய்வார்கள்.

காகிதத்தையும் தெருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊருக்கு முன்னால் சத்தமாக வாசிப்பது என்ற இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. ராஜஸ்தானில் 1990 மே 1 அன்று உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு, 1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் முதல் ஜன் சுன்வாய் (மக்கள் விசாரணை) நடத்தியது. அரசு வேலைகளின் மஸ்டர் ரோலை (கூலிப் பதிவேட்டை) வாங்கி, அதில் பெயர் இருந்தவர்களையே வைத்துக்கொண்டு வாசித்தார்கள். "நீ இத்தனை நாள் வேலை செய்தாயா, இவ்வளவு கூலி வாங்கினாயா" என்பதுதான் கேள்வி. 1996 ஏப்ரலில் பியாவரில் 40 நாள் தர்ணா. அங்கே கேட்ட தகவல் உரிமைதான் 2005இல் நாடு முழுமைக்கும் சட்டமானது. அமைப்பை உருவாக்கிய அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரின் பெயர்கள் நமக்குத் தெரியும். தன் பெயரை மைக்கில் கேட்டு எழுந்து "இல்லை, நான் வாங்கவில்லை" என்று சொன்ன கூலிக்காரர்கள்தான் அதன் முதுகெலும்பு. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் 17ஆம் பிரிவில் சமூகத் தணிக்கையைக் கிராம சபையிடம் ஒப்படைத்ததும் இந்த வழியில்தான்.

அடுத்தது தீர்மான வாசகம். இதைத்தான் ஊர்களில் கடைசி நேரத்துக்குத் தள்ளுகிறார்கள், இதில்தான் தோற்கிறார்கள். "கிழக்குத் தெருவுக்குக் குடிநீர் வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "கிழக்குத் தெருவில் 42 வீடுகளுக்கு மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வருவதில்லை. மாரியம்மன் கோயில் வால்விலிருந்து தெருக்கோடி வரை 60 மீட்டர் குழாய் பதிக்க, நிதிக்குழு மானியத்தின் குடிநீர் ஒதுக்கீட்டிலிருந்து ஊராட்சி நிர்வாகம் செலவு செய்து, அக்டோபர் 2 சபைக்கு முன் பணியை முடித்து, அந்தச் சபையில் அறிக்கை வைக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்படுகிறது." எங்கே, எவ்வளவு, எந்தப் பணத்தில், யார், எப்போதுக்குள் என்ற ஐந்தும் அதில் இருக்கின்றன. ஒரு தீர்மானத்தில் ஒரு கோரிக்கை மட்டும் இருக்கட்டும். மூன்றைச் சேர்த்தால் ஒன்றைச் செய்துவிட்டு மூன்றையும் முடித்ததாகக் கணக்குக் காட்டுவார்கள்.

சபைக்கு அதிகாரம் இல்லாத விஷயத்தில் வாசகம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டாஸ்மாக் கடையை மூடும் அதிகாரம் சபையிடம் இல்லை. "கடையை மூட வேண்டும்" என்று நூறு ஊர் எழுதிய தீர்மானங்கள் ஃபைலில் தூங்குகின்றன. ஊராட்சிப் பகுதியில் பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் 100 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது என்பது விதி. பள்ளி வாசலிலிருந்து அளந்த தூரத்தைத் தீர்மானத்திலேயே எழுதி, கலெக்டர் விசாரித்து உத்தரவிட வேண்டும் என்று முடித்தால், அதற்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் வருகிறது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை ஒருமனதாக மறுத்தபோது அது செல்லுபடியானதற்குக் காரணம், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் அந்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அந்த முடிவைச் சபையின் கையில் கொடுத்திருந்ததுதான். நம் மலைக் கிராமங்களிலும் வன உரிமைச் சட்டச் சபைகளுக்குத் தனி பலம் உண்டு. அங்கே குறைவெண் வரம்பும் வேறு, பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும்.

வாசகத்தை இரண்டு பிரதி எடுத்து, சபைக்கு மூன்று நாள் முன்னதாகவே ஊராட்சி செயலரிடம் கொடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். சபை அன்று மேற்பார்வைக்கு வரும் பற்றாளரிடமும் ஒரு பிரதி. அவர் பெரும்பாலும் வேறு துறை அலுவலர். ஊர்ப் பகையும் ஊர்ப் பயமும் இல்லாதவர். "நம்ம கிராம சபை" செயலியில் கூட்ட விவரம் ஏற வேண்டும் என்பதால் காகிதம் கையில் இருப்பது அவருக்கும் நல்லது.

சபை 11 மணி என்றால் பத்தரைக்கே போய் முன்வரிசையில் கலந்து உட்காருங்கள். காலனிக்காரர்கள் பின்னால் மரத்தடியில் நிற்பதும், பெண்கள் ஓரமாக உட்கார்ந்து டீக்குப் பிறகு கிளம்புவதும் தானாக நடப்பவை அல்ல. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனைக் கொன்றது இதே நாற்காலிக்காகத்தான். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்காச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தனித்தொகுதி என்பதற்காகவே பத்தாண்டு தேர்தல் நடக்கவிடாமல், 2006இல்தான் நடந்தது. யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதை முந்தின நாளே பேசி முடிவு செய்யுங்கள்.

ஐந்து பேர், ஆளுக்கு ஒரு கேள்வி, இரண்டு நிமிடம். முதலில் ஒரு பெண் பேசட்டும். கூச்சல் வேண்டவே வேண்டாம். கூச்சல் எழுந்தால் "சபை ஒத்திவைப்பு" என்று எழுந்துபோக வழி கிடைத்துவிடும். ஒருவர் தொடக்கம் முதல் கடைசி வரை செல்போனில் பதிவு செய்யட்டும்.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வந்தவுடன் நோட்டை நீட்டினால், பெயருக்குப் பக்கத்தில் "வருகைக்கு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கட்டும். பேசி முடித்ததும் தீர்மானங்களை அங்கேயே எழுதி, எண் போட்டு, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே மிச்சமிருக்கும் இடத்தில் குறுக்கே கோடு போட்ட பிறகுதான் மற்றக் கையெழுத்து. அந்தப் பக்கத்தைப் படம் எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். "உங்கள் மனுவைத் தனியாகப் பரிசீலிக்கிறோம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எதிர்ப்பு இருந்தால் எதிர்த்தவர்களின் எண்ணிக்கையோடு அதையும் புத்தகத்தில் எழுதலாம்.

பேரூராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கிராம சபை இல்லை. 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் நடக்கின்றன. முறை வேறு, ஆனால் காகித வேலை இதேதான்.

ஒரு வாரத்துக்குள் தீர்மான நகலை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் மறுபடியும் தகவல் உரிமை. நகல் கிடைத்ததும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுவோடு இணைத்துக் கொடுத்து, மனு எண்ணை வாங்குங்கள். வெறும் மனு ஒருவருடைய குறை. சபைத் தீர்மானம் இணைத்த மனுவை "தனிநபர் பிரச்சினை" என்று ஒதுக்க முடியாது. முதல்வர் உதவி எண்ணான 1100க்கு அழைத்தும் பதிவு செய்யலாம்.

பிறகு 40 பக்க நோட்டு ஒன்றில் நாலு கட்டம் போடுங்கள்: சபை நடந்த தேதி, தீர்மான எண், செய்ய வேண்டியவர், நடந்தது என்ன. நோட்டு ஒருவர் வீட்டில் இருக்க வேண்டாம். மகளிர் குழுவில் மாதத்துக்கு ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். அடுத்த சபையில் தேசிய கீதத்துக்கு முன்னால், வரவு செலவுக்கும் முன்னால், நாலாவது கட்டம் காலியாக இருக்கும் வரிகளை மட்டும் எண்ணோடு வாசியுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை அடுத்த எண்ணுக்குப் போகாதீர்கள்.